கையெழுத்து இருக்கிறது, சம்மதம் எங்கே?

(நீண்ட பதிவு. பல் மருத்துவம் பயிலும் நண்பர்களும் மொழித்துறை நண்பர்களும் இறுதிவரை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.)

பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் செய்யும் அறுவை சிகிச்சைகளில் நேரும் சிக்கல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, 'ஏழைகளின் வாய்தான் இவர்களுக்குப் பயிற்சிக்கூடமா?' என்னும் கொதிப்பு. மற்றொன்று, 'அப்படியானால் எப்போதுதான் கற்றுக்கொள்வது?' என்னும் சலிப்பு. கொதிப்பவர்கள் மாணவரின் கையைக் குற்றம் சொல்கிறார்கள். சலிப்பவர்கள் அந்தக் கையை மன்னிக்கச் சொல்கிறார்கள். இருவர் கண்ணும் கையிலேயே இருக்கிறது. கைக்கு முன்னும் பின்னும் பேசப்படும் சொற்களை எவரும் பார்ப்பதில்லை. சிக்கலின் ஒரு பகுதி மொழியில் நிகழ்கிறது என்பதும், அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளி மாணவர் அல்லர், நிறுவனமே என்பதும் இப்பதிவின் வாதம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் கடைவாய்ப் பல் வலித்துத் தூக்கம் கெட்டவர் என்ன செய்கிறார்? முதல் வாரம் கிராம்பும் உப்புத் தண்ணீரும். அடுத்த வாரம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. அதற்கும் அடங்காதபோதுதான் மருத்துவமனை. தனியார் கிளினிக்கில் வேர்ச் சிகிச்சைக்குச் சொல்லும் தொகை அங்கே பலருக்கு ஒரு மாத வாடகை. ஆகவே அவர் பக்கத்திலுள்ள சயான் மருத்துவமனைக்குப் போகிறார். அல்லது மாஹிமில் ரயிலேறி, மும்பை சென்ட்ரலில் மாநகராட்சி நடத்தும் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரிக்கோ, சயானில் ரயிலேறி, சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்துக்கு அருகிலுள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கோ போகிறார். நாயர் கல்லூரி தொடங்கப்பட்டது 1933இல். பல தலைமுறைகளாக இந்நகரின் உழைக்கும் மக்களுக்குப் பல் பார்த்த நிறுவனங்கள் இவை. இவை இல்லாவிட்டால் தாராவியில் பெரும்பாலோருக்குப் பல் மருத்துவமே எட்டாது. இதை மறந்துவிட்டு எழுதப்படும் எந்தக் கண்டனமும் நேர்மையானதன்று.

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அவர் வாய்க்குள் நுழையும் கை, பெரும்பாலும் ஒரு மாணவருடைய கை. பி.டி.எஸ். என்பது நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சிப் பணியும் சேர்ந்தது. சாதாரணமாகப் பல் பிடுங்குவதை மேல்வகுப்பு மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் செய்கிறார்கள். எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லை, ஈற்றைக் கீறி, எலும்பைச் செதுக்கி, பல்லைத் துண்டாக்கி எடுக்கும் அறுவையைப் பெரும்பாலும் எம்.டி.எஸ். மாணவர்கள் செய்கிறார்கள். ஒவ்வொருவரும் இத்தனை பல் எடுத்திருக்க வேண்டும் என்று ஓர் எண்ணிக்கை உண்டு. கல்லூரி வழக்கில் அதற்குப் பெயர் 'கோட்டா'.

நேரக்கூடிய சிக்கல்கள் எவை? வேர்நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடலாம். மேல் கடைவாய்ப் பல்லை எடுக்கும்போது அதன் மேலுள்ள சைனஸ் அறைக்கு வழி திறந்துகொள்ளலாம். அப்போது குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வரும். பல் இருந்த குழியில் உறைய வேண்டிய இரத்தம் உறையாமலோ, உறைந்தது பெயர்ந்தோ போனால், எலும்பு திறந்து கிடக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் காதுவரை குத்தும் வலி தொடங்கும். இதைத்தான் 'டிரை சாக்கெட்' என்கிறார்கள். சாதாரணமாகப் பல் பிடுங்கியவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை இது வரும் என்றும், புதைந்த கீழ் ஞானப்பல்லை எடுத்தவர்களில் நூற்றுக்கு முப்பது வரைகூட ஏறலாம் என்றும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்போ நாக்கு நரம்போ அடிபட்டால் உதடும் நாக்கும் உணர்வற்றுப் போகும். பெரும்பாலோர்க்கு அது சில வாரங்களில், சில மாதங்களில் மீளும். மிகச் சிலர்க்கு மீளாது. கிருமி கழுத்துக்கு இறங்கி நாக்கின் அடியில் வீக்கம் கண்டால் மூச்சுக்குழாயே அடைபடலாம். லுட்விக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1836இல் விவரித்த நோய் அது; இன்றும் ஆளைக் கொல்லும்.

இச்சிக்கல்களில் கையின் பழக்கத்துக்குப் பங்கு உண்டா? உண்டு. புதைந்த ஞானப்பல் அறுவையில் அனுபவம் குறைந்தவர்களிடம் சிக்கல் மிகுதி என்று அமெரிக்காவில் 1986இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதை மறைக்க வேண்டியதில்லை. எந்தக் கையும் பிறக்கும்போதே தேர்ந்த கையன்று. இன்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குளிரூட்டிய அறையில் நோகாமல் பல் எடுக்கும் மருத்துவரின் நேர்த்தி, என்றோ ஒரு கல்லூரி நாற்காலியில் வாய் திறந்து கிடந்தவர்களிடம் கற்ற நேர்த்தி. அவர்களுள் தாராவிக்காரர் இருந்தார், சீத்தா கேம்ப்க்காரர் இருந்தார். மாட்டுங்காத் தமிழரின் பல் பத்திரமாக எடுக்கப்படுவதற்கான விலையின் ஒரு பகுதியைத் தாராவித் தமிழரின் தாடை முன்கூட்டியே செலுத்திவிட்டது. ஒரே மொழி பேசும் இருவரிடையே இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருப்பதை நம் தமிழ்ச் சபைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

மாணவர் அறுவை செய்யக்கூடாது என்பதன்று என் கட்சி. செய்தே ஆகவேண்டும். ஆனால் கற்பதற்குத் தன் உடலைக் கொடுப்பவர் அந்தக் கல்வியில் ஒரு பங்காளி. பங்காளிக்குச் சொல்லாமல் பங்கை எடுப்பதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

'சொல்லாமல் எங்கே எடுக்கிறோம்? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கித்தானே செய்கிறோம்' என்று பதில் வரும். அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது இது: சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், மறுத்தால் நேரும் விளைவு ஆகியவற்றை நோயாளி சீர்தூக்கி முடிவெடுக்கும் அளவுக்கு மருத்துவர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்; அப்போதுதான் அது செல்லத்தக்க சம்மதம். வெகு அரிதாக நேரும் ஆபத்துகளையெல்லாம் ஒப்பிக்கத் தேவையில்லை என்றும் அத்தீர்ப்பு மருத்துவர்களுக்கு இடம் கொடுத்தது. நியாயந்தான். ஆனால் 'எடுத்துச் சொல்லுதல்' என்னும் வினை எப்போது நிறைவேறுகிறது? சொல்பவர் வாய் மூடும்போதா, கேட்பவர்க்கு விளங்கும்போதா? மொழியியலில் முதல் பருவம் படிக்கும் மாணவரும் இதற்கு விடை சொல்வார். ஆங்கிலத்திலோ மராத்தியிலோ அச்சிட்ட ஒரு தாளின் அடியில், தமிழில் மட்டுமே எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவர் தம் பெயரை எழுதித் தருவது, அவர் அந்த அறைக்கு வந்திருந்தார் என்பதற்குச் சான்று. அதற்கு மேல் எதற்கும் அது சான்றாகாது.

கடந்த சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்தாருக்குப் பேச்சுத் துணையாக இத்தகைய மருத்துவமனை வரிசைகளில் நின்றிருக்கிறேன். எந்த மருத்துவமனை, எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாதபடி எல்லா இடங்களுக்கும் பொதுவானது நான் கண்டது. மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, மரத்துப்போதல். ஊசி போடுவதற்கு முன் மாணவர் நோயாளியிடம் 'சுன்ன் ஹோ ஜாயேகா' என்கிறார். தமிழில் அது 'மரத்துப்போகும்'. லிக்னோகைன் ஊசியால் வரும் மரப்பு சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். நரம்பு அடிபட்டு வரும் மரப்பு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும். முன்னது சிகிச்சையின் பகுதி. பின்னது சிகிச்சையின் சிக்கல். இந்தியிலும் தமிழிலும் மக்கள் வழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல். மருத்துவர் முன்னதைச் சொல்கிறார். நோயாளி பின்னதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறார். கீழுதடு மூன்று வாரமாக உணர்வில்லாமல், தேநீர் வழிவதுகூடத் தெரியாமல் இருந்த நெல்லைச் சீமை அக்கா ஒருவரிடம், ஏன் திரும்பப் போய்க் காட்டவில்லை என்று கேட்டேன். 'டாக்டரம்மா மொதல்லயே சொல்லிட்டாவல்லா, மரத்துப்போவும்னு' என்றார். அவர் அறிவுரையை மீறவில்லை. எழுத்துக்கு எழுத்து நம்பினார். 'ஊசி மரப்பு இன்று மாலைக்குள் தெளியும். நாளையும் தெளியாவிட்டால் வந்து காட்டுங்கள்' என்று ஒரே ஒரு வாக்கியம் அவர் மொழியில் சொல்லப்பட்டிருந்தால் அந்த மூன்று வாரம் வீணாகியிருக்காது. நரம்புச் சேதத்தைப் பொறுத்தவரை, கண்டறிந்து தொடர்ந்து கவனிக்கத் தொடக்க வாரங்கள்தாம் அருமையானவை.

இரண்டாவது, வாய் கொப்பளித்தல். பல் எடுத்த அன்று கொப்பளிக்கக்கூடாது, துப்பக்கூடாது. குழியில் இரத்தம் உறைந்து நிற்க வேண்டும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்லக் கொப்பளிக்க வேண்டும். இதை இந்தியில் 'கல் ஸே நமக் கே பானி ஸே குல்லா கர்னா' என்பார்கள். ஊரிலிருந்து மகன் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு மூதாட்டியின் காதில் இது எப்படி விழும் என்று எண்ணிப் பாருங்கள். கல் என்பது தமிழில் கல். நமக் என்பது 'நமக்கு' என்று கேட்கும். குல்லா தலையில் போடுவது. இந்திக்குள்ளேயே 'கல்' என்னும் சொல் நேற்றைக்கும் நாளைக்கும் பொது. இடம்பார்த்துத்தான் பொருள்கொள்ள முடியும். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி மயக்கத்தில், கூட்டத்தின் இரைச்சலில் கேட்பவர்க்கு இடம்பார்க்க ஏது இடம்? வாயில் இரத்தம் கசிந்தால் துப்புவதும் கொப்பளிப்பதும் மனித இயல்பு. அவர் வீட்டுக்குப் போய் இயல்பானதைச் செய்கிறார். உறைந்த இரத்தம் பெயர்கிறது. மூன்றாம் நாள் வலி.

மூன்றாவது, கேஸ் பேப்பர். மும்பை மருத்துவமனைகளில் நோயாளி கையோடு சுமக்கும் அந்தத் தாளின் இலக்கணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பல் 'எடுக்கப்பட்டது'. அறிவுரைகள் 'வழங்கப்பட்டன'. எல்லாம் செயப்பாட்டுவினை, எழுவாய் கிடையாது. எடுத்தது இறுதியாண்டு மாணவரா, பயிற்சி மருத்துவரா, மேற்பார்வையிட்ட ஆசிரியரா? வழங்கியது எந்த மொழியில்? தாள் சொல்லாது. நான்காம் நாள் அதே நோயாளி வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தால், அதுவரை காணாமற்போயிருந்த எழுவாய் திடீரென்று தோன்றும்: 'நோயாளி அறிவுரைகளைப் பின்பற்றவில்லை.' இப்போது வினை செய்வினை, செய்தவர் நோயாளி. நல்லது நடந்தவரை செய்தவர் எவரும் இல்லை. கெட்டது நடந்ததும் செய்தவர் நோயாளி ஒருவரே. இதை யாரும் திட்டமிட்டு எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். திட்டமில்லாமலே இப்படி எழுதவருகிறது என்பதுதான் அச்சம் தருகிறது. பிறகு அதே தாள்களிலிருந்து தரவு திரட்டி, சிக்கல்களின் காரணங்களை வகைப்படுத்தி ஆய்வேடும் எழுதப்படுகிறது. 'நோயாளி சார்ந்த காரணிகள்' என்னும் கட்டத்துக்குள் அந்த மூதாட்டி ஓர் எண்ணாகிறார். மொழி என்னும் காரணிக்கு அட்டவணையில் கட்டமே இல்லை. ஆகவே அது காரணியாக ஒருபோதும் கண்டறியப்படாது.

ஆய்வுலக நண்பர்களுக்கு உறைக்கும் ஒரு ஒப்பீடு சொல்கிறேன். நான் ஒரு பெண்மணியின் பேச்சைப் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்ய வேண்டுமானால், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பதிவு எதற்கு, எங்கே சேமிப்பேன், எப்போது வேண்டுமானாலும் அவர் விலகலாம் என்பதையெல்லாம் அவர் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்க்குச் சாட்சி ஒருவர் முன் வாசித்துக் காட்ட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் பங்கேற்பவர்க்கு விளங்கும் மொழியில் தகவல் தரச் சொல்கின்றன. சரியானதே. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அவர் வாயிலிருந்து வரும் சொல்லை எடுப்பதற்குத் தமிழில் படிவம், அதே வாயிலிருந்து பல்லை எடுப்பதற்கு அவரால் வாசிக்க முடியாத ஒரு தாள். அறிவைத் தேடி ஒருவரை அணுகினால் அது ஆய்வு, அதற்கு நெறிமுறை உண்டு. பயிற்சியைத் தேடி அணுகினால் அது சிகிச்சை, கையெழுத்துப் போதும். கோட்டா நிறைவேற ஒரு பல் தேவைப்படும் மாணவருக்கும், தரவு நிறைவேற ஒரு பேச்சாளர் தேவைப்படும் ஆய்வாளருக்கும் அறநிலையில் என்ன வேறுபாடு? வேறுபாடு உண்டென்றால், கத்தி பிடிப்பவர்க்கே கூடுதல் கடமை.

சிக்கல் நேர்ந்தபின் அவர் எங்கே போவார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை வெளியே விட்டது; பதிவுக்கென்று வாங்கும் சிறு தொகை இந்நிலையை மாற்றாது என்றும் சொன்னது. 2019இல் வந்த புதிய நுகர்வோர் சட்டமும் இலவசச் சேவையைச் 'சேவை' என்னும் வரையறைக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. ஆக, காசு கொடுத்துத் தனியாரிடம் பல் எடுத்த செம்பூர்க்காரர்க்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்திருக்கிறது. முழுதும் இலவசமான இடத்தில் ஒரு மாணவரிடம் பல் எடுத்தவர்க்கு அந்தக் கதவு இல்லை. அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். போய் வழக்கு முடியும்வரை உயிரோடும் இருக்கலாம். ஆபத்து மிகுந்த இடத்தில் பரிகாரம் குறைவு. இந்நிலையில் சிகிச்சைக்கு முன் சொல்லப்படும் சொல்தான் அவருக்குக் கிடைக்கக்கூடிய முதற்பாதுகாப்பு. அதையும் விளங்காத மொழியில் தருகிறோம்.

இனி எதிர்வாதங்கள்.

'புறநோயாளிப் பிரிவில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொருவருக்கும் விரிவுரை நிகழ்த்த நேரம் ஏது?' பார்த்திருக்கிறேன். நேரமில்லை என்பது உண்மை. ஆனால் அறிவுரைகள் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக இயற்றப்படுவதில்லை. பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள், ஆண்டு முழுவதும் அவையே. ஒருமுறை நல்ல தமிழில் எழுதி, ஒலிப்பதிவு செய்து, கைப்பேசியில் இரண்டு நிமிடம் ஒலிக்க விட்டால் மாணவரின் நேரம் மிச்சமாகும். டிரை சாக்கெட்டோடு திரும்பி வருபவரின் குழியைக் கழுவி மருந்து வைக்க ஆகும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'மும்பையில் தமிழ் ஒன்றுதானா? எத்தனை மொழிக்குச் செய்வது?' 2011 கணக்கெடுப்பில் மகாராட்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். ஆனால் தமிழுக்கு மட்டும் சலுகை கேட்பதன்று இது. போஜ்புரிக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் உருதுக்கும் குஜராத்திக்கும் இதே கேள்வி உண்டு. பத்து மொழியில் பத்துத் தாள், பத்து ஒலிப்பதிவு. தேர்தல் வந்தால் இத்தனை மொழியிலும் துண்டறிக்கை அடிக்க இந்நகருக்குத் தெரிகிறது. தாராவியின் சந்துக்குச் சந்து எந்த மொழி என்று கட்சிக்காரர்களுக்குத் தெரியும். மருத்துவமனைக்கு மட்டும் தெரியாதா?

மூன்றாவது எதிர்வாதம் மெல்லிய குரலில் சொல்லப்படுவது: 'மாணவர்தான் செய்யப்போகிறார் என்று வெளிப்படையாகச் சொன்னால் நோயாளிகள் எழுந்து ஓடிவிடுவார்கள், கோட்டா எப்படி நிறையும்?' இவ்வாதத்தை வைப்பவர்கள் தாங்கள் எதை ஒப்புக்கொள்கிறோம் என்று அறிந்துதான் பேசுகிறார்களா? தெரிந்தால் மறுத்திருப்பார் என்று நமக்குத் தெரிந்திருந்தும் தெரிவிக்காமல் பெற்றது சம்மதமாகாது. ஓடிவிடுவார்கள் என்பதும் மக்களைப் பற்றிய தாழ்ந்த மதிப்பீடு. நம் மக்களிடம் இதற்கொரு சொல்லே இருக்கிறது: 'படிக்கிற டாக்டர்'. வெள்ளைக் கோட்டுக்குள் இருப்பது யார் என்பதைப் பலர் ஊகித்தே வருகிறார்கள். தம் பிள்ளை வயதுடைய ஒருவர் கற்பதற்கு உதவுவதை அவர்கள் தாழ்வாக நினைப்பதில்லை. அவர்கள் கேட்பதெல்லாம், பக்கத்தில் பெரிய டாக்டர் இருப்பாரா என்பதே. அதற்கு ஆம் என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால் யாரும் ஓடமாட்டார்கள். சொல்ல முடியாவிட்டால் ஓடுவதே அறிவுடைமை.

'தேர்ந்த மருத்துவரிடம் மட்டும் தவறு நேர்வதில்லையா?' நேர்கிறது, இவ்விடத்தில் தமிழ்நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட தமிழகத்தில் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் 21 பேருக்குக் கண்டறியப்பட்டது. அவர்களுள் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவ கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்தனர். உப்புநீர்ப் புட்டியைத் தூய்மையற்ற கருவியால் திறந்து, தளர மூடிவைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அது கல்லூரியன்று, மாணவர் கையுமன்று. ஆபத்து மாணவரிடம் மட்டும் இருக்கிறது என்னும் எண்ணத்தை அந்நிகழ்வு பொய்யாக்குகிறது. அதைவிட முக்கியமான பாடம் இன்னொன்று. தனித்தனி மருத்துவமனைகளில் தனித்தனிக் காய்ச்சலாகக் கிடந்தவற்றை ஒருவர் சேர்த்து எண்ணியபோதுதான் கிளினிக் கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணியிராவிட்டால் எட்டும் எட்டு விதிகளாகப் போயிருக்கும். நம் கல்லூரிகளில் மாணவர் செய்த அறுவைகள் எத்தனை, சிக்கலோடு திரும்பியவர் எத்தனை, திரும்பாமலே போனவர் எத்தனை என்னும் எண்ணிக்கையை ஆண்டுதோறும் மக்கள் முன் வைப்பதற்கு என்ன தடை? மாணவரின் கோட்டாவைப் பல் பல்லாக எண்ணத் தெரிந்த நிறுவனத்துக்கு, அந்தப் பல்லின் சொந்தக்காரர் பின்னர் என்ன ஆனார் என்று எண்ணத் தெரியாதா?

ஆகவே கோரிக்கைகளாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: அறுவைக்கு முன் மூன்று செய்திகள் நோயாளியின் மொழியில் சொல்லப்பட வேண்டும். செய்யப்போவது மாணவர், அருகில் இருக்கப்போவது இன்ன ஆசிரியர், காத்திருந்தால் ஆசிரியரே செய்யக் கேட்கலாம்.

இரண்டு: ஒப்புதல் படிவமும் அறிவுரையும் இந்நகரின் பெரிய மொழிகள் அனைத்திலும் எழுத்தாகவும் ஒலியாகவும் இருக்க வேண்டும். அறிவுரையில் 'செய்யாதே' பட்டியலுக்கு முன்னால் 'எப்போது உடனே திரும்பி வரவேண்டும்' என்னும் பட்டியல் வரவேண்டும்: மறுநாளும் தெளியாத மரப்பு, நிற்காத இரத்தம், மூக்கில் வரும் தண்ணீர், மூன்றாம் நாள் ஏறும் வலி, விழுங்க முடியாமை, நாக்கடி வீக்கம். கடைசி இரண்டும் கண்டால் மறுநாள் வரிசைக்குக் காத்திராமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும் என்பது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்று: கேஸ் பேப்பரில் எழுவாய் வேண்டும். செய்தவர் யார், மேற்பார்த்தவர் யார், அறிவுரை எந்த மொழியில் சொல்லப்பட்டது, நோயாளி அதைத் தம் சொல்லில் திருப்பிச் சொன்னாரா என்பதற்கு நான்கு கட்டங்கள். திருப்பிச் சொல்லக் கேட்பது மாணவரின் மதிப்பெண்ணில் சேர வேண்டும்.

நான்கு: சிக்கலோடு திரும்புபவர்க்குத் தனி வரிசை. அவர் மீண்டும் விடியற்காலையில் வந்து புதுச் சீட்டு எடுத்து நிற்கக்கூடாது. ஆண்டுதோறும் எண்ணிக்கை வெளியிடப்பட வேண்டும்.

ஐந்து: மொழிபெயர்ப்பு என்பது வார்டு பையனின் கருணையாகவோ, உடன்வந்த பத்து வயதுப் பேத்தியின் சுமையாகவோ இருக்கக்கூடாது. ஊதியத்தோடு கூடிய பணியாக இருக்க வேண்டும். தாயின் தாடை நரம்பைப் பற்றிய எச்சரிக்கையை ஒரு குழந்தை மொழிபெயர்க்கும் நாட்டில் நாம் எந்தச் செம்மொழியைக் கொண்டாடுகிறோம்?

பல் மருத்துவ மாணவர்களுக்கு ஒரு சொல். இப்பதிவு உங்களுக்கு எதிரானதன்று. இன்றைய ஏற்பாட்டில் சிக்கல் நேர்ந்தால், நோயாளிக்கு அடுத்தபடியாகத் தனித்து விடப்படுபவர் நீங்கள்தாம். மேற்பார்த்தவர் பெயர் தாளில் இல்லாதபோது பழி இறங்கி வந்து நிற்கும் இடம் உங்கள் கை. மேலே கேட்ட நான்கு கட்டங்கள் உங்களுக்கும் காப்பு. 2007ஆம் ஆண்டின் பி.டி.எஸ். விதிமுறைகளில் தொடங்கி 2023இன் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம்வரை உங்கள் கல்வியைத் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த திருத்தத்தில் எத்தனை பல் என்னும் எண்ணோடு, எத்தனை நோயாளிகளுக்கு விளங்கச் சொன்னீர்கள் என்னும் எண்ணும் இடம்பெற வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நீங்களே.

மொழித்துறை நண்பர்களுக்கு இன்னொரு சொல். கலைச்சொல்லாக்கம் என்றால் நமக்குக் கொள்ளை ஆசை. ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக எது தூய தமிழ் என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடுவோம். 'மரத்துப்போதல்' என்னும் ஒரு சொல்லுக்குள் ஊசி மரப்பும் நரம்பு மரப்பும் கலந்து கிடப்பதைப் பிரித்து, மக்களுக்கு விளங்கும் இரண்டு தொடர்களாக்கித் தருவது கருத்தரங்கப் பொருளாக எவருக்கும் தோன்றவில்லை. மாட்டுங்காவிலிருந்து சயான் மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். இந்நகரின் தமிழ் அமைப்புகள் பட்டிமன்றத்துக்குச் செலவிடும் ஒரு மாலையைப் பன்னிரண்டு வாக்கியங்களுக்குச் செலவிட்டால் போதும். வரைவை நான் எழுதித் தருகிறேன். பல் மருத்துவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். தாராவி, சீத்தா கேம்ப், செம்பூர் மக்கள் சிலர் கேட்டுப் பார்த்து 'விளங்குகிறது' என்று சொல்ல வேண்டும். முன்வருபவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மறுப்பவர்களும் எழுதுங்கள், எந்த வாக்கியத்தை மறுக்கிறீர்கள் என்று குறித்து எழுதுங்கள்.